ஏழாம் நம்பர் பிளாப்பி

போன வருடம் சாரல் தொடங்கிய வாரத்தில் ஒரு காலை என் போனுக்கு ஒரு படம் வந்தது. லேப்டாப் திரையை யாரோ போனில் எடுத்திருந்தார்கள். திரையின் நடுவில் ஒரு சின்னப் பெட்டி. டிரைவில் உள்ள டிஸ்க் பார்மட் செய்யப்படவில்லை, இப்போது செய்யட்டுமா என்று அது கேட்டது. கீழே இரண்டு பொத்தான்கள். படத்துக்கு அடியில், "சித்தி, நான் எதையும் அமுக்கவில்லை. என்ன செய்ய?" என்று எழுதியிருந்தது.

"எதையும் அமுக்காதே. டிஸ்க்கை வெளியே எடுத்துவிடு" என்று உடனே பதில் போட்டேன். அதற்குப் பிறகு சமையலறைக்குப் போய், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றேன்.

படத்தை அனுப்பியவள் என் சொந்தக்காரி இல்லை. தென்காசிப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் நான் கம்ப்யூட்டர் லேப் பார்க்கிறேன். அங்கே ரொம்ப வருடம் கணக்குப் பாடம் எடுத்த ஒரு அக்காவின் மகள் இவள். பிறந்ததிலிருந்தே இவளுக்குக் காது கேட்காது. இப்போது மதுரையில், காது கேட்காத பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளியில் ஆசிரியை. வயது நாற்பதை நெருங்குகிறது. அவள் அம்மாவை நான் அக்கா என்று கூப்பிடுவதால் நான் அவளுக்குச் சித்தி.

அக்காவின் கணவர் சாம்பியாவில் ஒரு சுரங்கத்தில் இன்ஜினியராக இருந்தவர். ஊருக்குத் திரும்பும்போது லண்டன் வழியாக வந்தார்கள். மற்றவர்கள் டேப் ரெக்கார்டரும் டின்னர் செட்டும் வாங்கிய காலத்தில், அக்கா ஒரு வீட்டுக் கம்ப்யூட்டர் வாங்கினார். கீபோர்டுக்குள்ளேயே கம்ப்யூட்டர், பக்கவாட்டில் பிளாப்பி போடும் வாய், டிவியோடு இணைத்துக்கொள்ள வேண்டும். குற்றாலத்தில் வீடு கட்டிக் குடியேறியதும் அதை முன்னறையில் வைத்து, மகளுக்காகப் பாடம் செய்தார். ஒரு படம், கீழே ஒரு சொல். படங்களைக் கிராப் தாளில் கட்டம் கட்டமாக வரைந்து பிறகு கம்ப்யூட்டரில் ஏற்றுவார். அந்த மெஷினில் தமிழ் எழுத்து கிடையாது. அதனால் ஒவ்வொரு எழுத்தையும் புள்ளி புள்ளியாக அவரே உண்டாக்கினார். குழந்தை படத்தைப் பார்க்க வேண்டும், சொல்லைப் பார்க்க வேண்டும், அம்மாவின் உதட்டைப் பார்க்க வேண்டும். அவள் படிக்கக் கற்றுக்கொண்டது அப்படித்தான்.

இத்தனையும் எனக்கு எப்படித் தெரியும் என்றால், தொண்ணூறுகளின் கடைசியில் அக்கா இவற்றை என்னிடம் எடுத்துக்கொண்டு வந்தார். மகள் படித்துக்கொண்டிருந்த ஹாஸ்டல் பள்ளிக்கு யாரோ ஒரு கம்ப்யூட்டர் நன்கொடை கொடுத்திருந்தார்கள். அக்காவின் பாடங்களை அதில் போட முடிந்தால் எல்லாப் பிள்ளைகளும் பார்க்கலாம். அது சாதாரண பி.சி. அக்காவுடையது வேறு ஜாதி மெஷின். ஆனால் பிளாப்பி இரண்டுக்கும் ஒரே அளவு, உள்ளங்கை அகலச் சதுரம். "நம்ம லேப்ல ஒண்ணு போட்டுப் பாரு. எடுத்துச்சுன்னா மத்ததையும் கொண்டாரேன்" என்று சொல்லி, கடைசியாகச் செய்த ஏழாம் நம்பர் பிளாப்பியைக் கொடுத்துவிட்டுப் போனார்.

நான் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. மாணவர்கள் போன பிறகு அதை லேப் கம்ப்யூட்டரில் போட்டேன். பார்மட் செய்யப்படவில்லை, செய்யட்டுமா என்று கேட்டது. அந்தக் கேள்வியை ஒரு நாளைக்கு இருபது தடவை பார்க்கிற வேலை என்னுடையது. மாணவர்கள் புது டிஸ்க் வாங்கி வருவார்கள், கம்ப்யூட்டர் கேட்கும், நான் ஆமாம் என்று அமுக்குவேன். அன்றைக்கும் என் விரல் ஆமாம் என்று அமுக்கியது. பார்மட் என்றால் உள்ளே இருப்பதை அழித்துவிட்டுப் புதிதாகத் தயார் செய்வது. நீலப் பட்டை பாதிக்கு மேல் ஓடியபோதுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது. டிஸ்க்கைப் பிடுங்கினேன். பிரயோஜனம் இல்லை. பாதியில் விட்டால் அது எதற்கும் உதவாது என்று, மறுபடி போட்டு முழுக்கவே ஓடவிட்டேன். இதை ஏன் செய்தேன் என்று இன்றுவரை எனக்கு விளக்கம் இல்லை. தடயத்தைச் சுத்தம் செய்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

மறுநாள் அக்கா வந்தபோது, "டிஸ்க் கெட்டுப்போச்சுக்கா. ஒங்க மெஷின் எழுதுனது இங்கன எடுக்க மாட்டேங்குது" என்றேன்.

"கெட்டுப்போச்சா? போன வாரம்லா எழுதுனேன்."

"சில மெஷின் அப்படித்தான் எழுதும்க்கா."

அவர் டிஸ்க்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஞாபகத்துக்கு இருக்கட்டும், மேலே எழுதிக் கொடு என்றார். லேபிளில் நீல மையில் 'கெட்டது' என்று எழுதிக் கொடுத்தேன். "சிரமம் பாக்காம பாத்தியே, நல்லாரு" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு உண்மையைச் சொல்ல முடியாமல் போனது. அதற்கப்புறம் அவர் ஓய்வு பெறும்வரை ஒரே கட்டடத்தில் வேலை பார்த்தோம். மதியச் சாப்பாட்டில் அவருடைய வற்றல் குழம்பை எத்தனையோ நாள் பங்கு போட்டிருக்கிறேன். அந்த டிஸ்க் பற்றிப் பேச்சே வந்ததில்லை.

இப்போது மகள் அம்மாவின் பிளாப்பிகள் இருந்த பெட்டியைக் கண்டெடுத்திருக்கிறாள். கோடை விடுமுறைக்குக் குற்றாலம் வந்தவள், அலமாரியை ஒழிக்கும்போது பார்த்திருக்கிறாள். தன் வகுப்புப் பிள்ளைகளுக்கு அந்தப் படங்களைக் காட்ட ஆசை. பழைய கம்ப்யூட்டர் உயிரோடு இல்லை. ஸ்விட்சைப் போட்டால் ஒரு வாடை மட்டும் வருகிறதாம். ஆன்லைனில் ஒரு பிளாப்பி டிரைவ் வரவழைத்து லேப்டாப்பில் செருகியிருக்கிறாள். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் விசாரித்ததற்கு, பழைய சாமான்காரனிடம் போடச் சொல்லிவிட்டார்களாம். பிறகுதான் எனக்குப் படம் அனுப்பினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெட்டியை எடுத்துக்கொண்டு தென்காசியில் என் வீட்டுக்கு வந்தாள், வேலை முடியும்வரை தங்குவதாக. எங்களுக்குள் பேச்சு எப்படியென்றால், நான் மெதுவாகப் பேசினால் உதட்டைப் பார்த்துப் பாதி புரிந்துகொள்வாள். மீதிக்கு லேப்டாப்பில் ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்து வைத்து, மாறி மாறித் தட்டுவோம். வேகமாகத் தட்டுவாள். நான் ஒரு வரி முடிப்பதற்குள் கேள்வியைப் புரிந்துகொண்டு பதிலைத் தயாராக வைத்திருப்பாள்.

பெட்டியில் ஏழு டிஸ்க். ஏழாவதன் மேல் என் கையெழுத்து. அதை அவள் போட்டுப் பார்க்கவில்லை. கெட்டது என்றுதான் எழுதியிருக்கிறதே என்று ஓரமாக வைத்திருந்தாள். நான் முதல் ஆறை எடுத்தேன்.

ஒவ்வொரு டிஸ்க்கின் தகரக் கதவையும் நகர்த்தி உள்ளே பார்த்தேன். குற்றாலத்து ஈரம் துணியை விடுவதில்லை, டிஸ்க்கை விடுமா? பழுப்பு நிறத் தகட்டில் வெள்ளை வெள்ளையாகப் பூசணம். மூன்றாவதில் ரொம்ப மோசம். இதை அப்படியே டிரைவில் போட்டால், படிக்கும் ஊசியில் பூசணம் அப்பி, அடுத்து வரும் டிஸ்க்கையும் கீறிவிடும். லேபிலிருந்து கொண்டுவந்த ஸ்பிரிட்டில் காது குடையும் பஞ்சுக்குச்சியை நனைத்து, நடுவிலுள்ள உலோக வட்டத்தை விரலால் சுற்றிச் சுற்றி, இரண்டு பக்கமும் துடைத்தோம். மூன்றாம் நம்பருக்கு மட்டும் பதினைந்து குச்சி ஆனது.

துடைத்த பிறகும் அவளுடைய டிரைவ் அதே கேள்வியைத்தான் கேட்டது. ஏன் என்று தட்டினாள். எனக்குத் தெரிந்ததைத் தட்டினேன். இரண்டு மெஷினும் டிஸ்க்கில் வட்டச் சுற்றுகளாக, ஒவ்வொரு சுற்றையும் துண்டு துண்டாகப் பிரித்துத்தான் எழுதும்; முறை கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் பி.சி.க்கு டிஸ்க்கின் முதல் துண்டில் தன் ஜாதிக்காரர்கள் வைக்கும் ஒரு சின்ன அடையாளம் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமலே வெற்று டிஸ்க் என்று முடிவுகட்டிவிடும். அதோடு உன் அம்மா இடம் மிச்சம் பிடிக்க, ஒரு சுற்றுக்கு ஒன்பது துண்டு எழுத வேண்டிய இடத்தில் பத்து எழுதியிருக்கிறார். இந்தப் புது டிரைவுக்கு அந்தக் கணக்குத் தெரியாது. உள்ளே பிளாப்பி டிரைவ் பொருத்திய பழைய பி.சி. ஒன்று வேண்டும்.

எங்கள் லேபின் பழைய பி.சி.க்களெல்லாம் எப்போதோ ஏலத்தில் போய்விட்டன. வீரகேரளம்புதூரில் டைப்பிங் இன்ஸ்டிடியூட் நடத்திய ஒரு அண்ணாச்சியிடம் ஒன்று கிடப்பது ஞாபகம் வந்தது. மறுநாள் ஆட்டோ பிடித்துப் போனோம். மூடிய இன்ஸ்டிடியூட்டின் பின்னறையில், நெல் மூட்டைகளுக்கு இடையில் அது இருந்தது.

"இது ஓடி பத்து வருசமாச்சு. இதப் போயி தூக்கிட்டுப் போறிய" என்றார் அண்ணாச்சி.

"ஒரு வாரம் பாத்துட்டு தாரேன் அண்ணாச்சி."

"பாத்துட்டுக் கண்டிப்பா கொண்டாந்துரணும், என்ன? சும்மா கெடந்தாலும் நம்ம சாமான்லா." ஒரு மூலையில் தட்டிப் பார்த்துவிட்டு, "உள்ள பல்லி கில்லி இருந்தா எடுத்துட்டுப் போங்க, அத மட்டும் திருப்பித் தர வேண்டாம்" என்றார். அவள் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டு சத்தமாகச் சிரித்தாள்.

பல்லி இருந்தது, காய்ந்து. அதைத் தட்டிவிட்டு, டிரைவின் ஊசியைத் துடைத்து, மின்சாரம் கொடுத்தால் கம்ப்யூட்டர் ஓடியது. எனக்கே நம்ப முடியவில்லை. டிஸ்க்கில் என்ன இருக்கிறது என்று யோசிக்காமல், துண்டு துண்டாக அப்படியே நகல் எடுக்கும் ஒரு சின்ன மென்பொருளை அதில் போட்டேன். ஒன்றாம், இரண்டாம், நான்காம் நம்பர் டிஸ்க்குகள் ஒரே தடவையில் வந்தன. மூன்றாம் நம்பரில் சில துண்டுகளுக்கு டிரைவ் பத்துப் பதினைந்து தடவை முக்கியது. அந்தக் கரகர சத்தம் அவளுக்குக் கேட்காது. ஆனால் கம்ப்யூட்டர் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தடவை டிரைவ் முக்கும்போதும் என்னைப் பார்த்தாள்.

ஐந்தும் ஆறும் ஒரு துண்டுகூட வரவில்லை. கொஞ்ச நேரம் குழம்பினேன். பிறகு டிஸ்க்கை வெளிச்சத்தில் பிடித்தபோது மூலையில் ஒரு ஓட்டை தெரிந்தது. முதல் நான்கும் லண்டனில் வாங்கியவை, அந்த ஓட்டை இல்லாத பழைய ரகம். இவை பின்னால் திருநெல்வேலியில் வாங்கிய அடர்த்தி கூடிய ரகம். அக்காவின் மெஷின் ஓட்டையைக் கவனிக்காது, தனக்குத் தெரிந்த அடர்த்தியில் எழுதிவிடும். பி.சி.யோ ஓட்டையைப் பார்த்ததும் அடர்த்தி கூடியது என்று நினைத்துத் தப்பாகப் படிக்கும். ஓட்டையின் மேல் செலோடேப் ஒட்டிப் போட்டேன். ஐந்து முழுதாக வந்தது. ஆறில் கடைசிப் பகுதி போய்விட்டது, மற்றது வந்தது.

அந்தப் பழைய மெஷினைப் போலவே நடந்துகொள்ளும் ஒரு மென்பொருள் அவள் லேப்டாப்பில் இருந்தது. நகல்களை அதில் ஏற்றினோம். கறுப்புத் திரையில் ஒரு குரங்கு வந்தது, வாலில் மட்டும் கட்டம் கட்டமாகப் படி தெரிந்தது. கீழே குரங்கு என்று, 'ங்' கொஞ்சம் குண்டாக. அடுத்தது குடை. அடுத்தது பலாப்பழம். அவள் ஒவ்வொன்றுக்கும் கையால் சைகை காட்டிக்கொண்டே போனாள், ஒப்பிப்பது போல வேகமாக. பலாப்பழத்துக்கு அவள் காட்டியது பள்ளியில் சொல்லிக்கொடுக்கும் சைகை இல்லையாம். வீட்டில் அம்மாவும் அவளும் உண்டாக்கியது என்று பிறகு தட்டினாள்.

நான் காபி போட உள்ளே போனேன். திரும்பி வரும்போது அவள் ஏழாம் நம்பர் டிஸ்க்கைத் துடைத்து அண்ணாச்சியின் பி.சி.யில் போட்டிருந்தாள். எத்தனையோ தகராறுக்குப் பிறகு ஆறு டிஸ்க்கைப் படித்த அந்த மெஷின், இதை ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் உடனே திறந்திருந்தது. திரையில் பைல் எதுவும் இல்லை, முழு இடமும் காலி என்று இருந்தது. அவள் அதைப் பார்த்தாள், லேபிளைப் பார்த்தாள். பிறகு லேப்டாப்பை இழுத்துத் தட்டினாள்.

"கெட்டது என்று எழுதிய டிஸ்க் மட்டும் எப்படி நன்றாகத் திறக்கிறது?"

அவளே தொடர்ந்தாள். "இது அம்மாவின் மெஷின் எழுதிய டிஸ்க் இல்லை. பி.சி. பார்மட் செய்தது. சரியா?"

முந்தின நாள் நான்தான் அவளுக்கு இதையெல்லாம் விளக்கியிருந்தேன். டம்ளர்களை வைத்துவிட்டு உட்கார்ந்து தட்டினேன். நான்தான் பார்மட் செய்தேன். தெரியாமல் அமுக்கினேன். அம்மாவிடம் கெட்டுப்போனது என்று பொய் சொன்னேன். வாயால் சொல்லியிருந்தால் மூன்று வாக்கியத்தோடு காற்றில் போயிருக்கும். இது திரையில் அப்படியே நின்றது. அவள் அதை இரண்டு மூன்று தடவை படித்தாள்.

"இதில் வினைச்சொற்கள் இருந்தன" என்று தட்டினாள். "நட, ஓடு, விழு, எழுந்திரு. ஒவ்வொன்றுக்கும் படம் அசையும். இரண்டே தடவைதான் பார்த்திருக்கிறேன். பிறகு லீவு முடிந்து ஹாஸ்டலுக்குப் போய்விட்டேன்." அடுத்த வரியில், "அடியிலிருந்து எதையாவது மீட்க முடியாதா?" என்றாள்.

முடியாது என்றேன். வேறு அடர்த்தியில், டிஸ்க் முழுக்க மேலே எழுதியாகிவிட்டது. அடியில் எதுவும் மிஞ்சாது.

"அம்மாவிடம் நீங்கள் சொல்கிறீர்களா, நான் சொல்லட்டுமா?"

"நான் சொல்கிறேன்."

மறுநாள் மாலை குற்றாலம் போனேன். சீசன் கூட்டத்தில் பஸ் ஊர்ந்து ஊர்ந்துதான் போனது. அக்கா வடகரைத் தோப்பிலிருந்து வந்த தேங்காய்களை வீட்டுக்குள் எண்ணி அடுக்கிக்கொண்டிருந்தார். எழுபத்தைந்து வயது, கணவர் போனபின் தனியாகத்தான் இருக்கிறார். "என்னட்டி, எம்மவ எல்லாத்தையும் எடுத்துட்டியளாமே. கொரங்கப் பாத்துட்டு ராத்திரி பூரா மெசேஜ் அனுப்புதா" என்றார்.

நின்றபடியே சொன்னேன். நடுவில் நிறுத்தினால் முடிக்க மாட்டேன் என்று தெரியும்.

அவர் கையிலிருந்த தேங்காயைக் கீழே வைத்தார். "கெட்டுப்போகலயா அது?"

"இல்லக்கா. நான்தான் அழிச்சிட்டேன்."

"அப்ப மெஷின்ல கோளாறு இல்ல."

"இல்ல."

"ஏட்டி, நான் மெஷினுக்குத்தான் கோளாறுன்னு நெனச்சேன். நான் எழுதுறதெல்லாம் இப்படித்தான் கெட்டுப்போகும்போலன்னு அன்னைக்கு மூடி வச்சவ, அதுக்கப்புறம் தொடவேயில்ல. எட்டாவது டிஸ்க்குக்குத் தாள்ல வரைஞ்சு வச்சிருந்தேன். எல்லாத்தையும் கிழிச்சிப் போட்டேன்." குரல் உயரவில்லை. "சொல்லியிருந்தா திரும்ப ஒக்காந்து செஞ்சிருப்பேன்லா. அப்ப எனக்கு வயசிருந்துது."

இது எனக்குத் தெரியாது. ஒரு டிஸ்க்கை அழித்ததாகத்தான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன். மன்னிப்புக் கேட்டேன்.

"எத்தன நாள் ஒரே மேசைல சாப்பிட்டிருக்கோம்" என்றார். பிறகு, "நீ போ. பொறவு பேசுவோம்" என்று தேங்காய்களின் பக்கம் திரும்பிக்கொண்டார். மழை பிடித்துவிட்டது. குடையை எடுக்காமலே வந்திருக்கிறேன் என்பது பஸ் ஸ்டாப்பில்தான் தெரிந்தது.

மூன்று வாரம் அவரிடமிருந்து போன் இல்லை. நானும் செய்யவில்லை. அண்ணாச்சியின் பி.சி.யைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பல்லி எங்கே என்று விசாரித்தார். ஆறு டிஸ்க்கிலும் இருந்த படங்களை இன்றைய கம்ப்யூட்டரும் போனும் திறக்கும் விதத்தில் மாற்றி, நூற்று நாற்பது சொச்சத்தையும் மகளுக்கு அனுப்பினேன். விடுமுறை முடிந்து அவள் மதுரைக்குப் போய்விட்டாள்.

ஒரு நாள் அவளிடமிருந்து ஒரு வீடியோ வந்தது. வகுப்பின் சுவரில் பெரிதாக அந்தக் குரங்கு. எட்டு ஒன்பது பிள்ளைகள் அதற்குச் சைகை காட்டினார்கள். ஒரு சிறுமி எழுந்து போய்ச் சுவரில் வாலின் கட்டங்களைத் தொட்டு எண்ணிப் பார்த்தாள். அடுத்த வாரம் வந்த வீடியோவில் பிள்ளைகளே கிராப் தாளில் கட்டங்களுக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஓடுகிறவன், விழுகிறவன், எழுந்திருக்கிறவள். "அம்மாவிடம் கேட்டேன், திரும்ப வரைய மாட்டேன் என்றுவிட்டார்கள், அதனால் இவர்கள் வரைகிறார்கள்" என்று கீழே எழுதியிருந்தாள்.

அந்த வீடியோ அக்காவுக்கும் போயிருக்க வேண்டும். அன்று சாயங்காலம் போன் வந்தது. நலம் விசாரிப்பு எதுவும் இல்லை.

"விழுறவன் கால் தப்பா இருக்கு. வழுக்குனா மொதல்ல குதிகாலுதான் போவும். அவகிட்ட சொன்னா, பிள்ளைக வரைஞ்சது அப்படியே இருக்கட்டும்ங்கா. நீ சொல்லு."

"நான் சொன்னா கேப்பாளாக்கா?"

"கேக்க மாட்டா. இருந்தாலும் சொல்லு."

சொன்னேன், அவள் கேட்கவில்லை. இப்போது மாதம் ஒரு தடவையாவது அக்காவிடம் பேசுகிறேன். முன்பு மாதிரி நீளமாகப் பேசுவதில்லை. போன மாதம் சாம்பியா போட்டோக்கள் இருக்கும் ஒரு பென் டிரைவைக் கொடுத்துப் பிரிண்ட் போட்டு வரச் சொன்னார். கையில் கொடுப்பதற்கு முன்னால், "எம்மவகிட்ட ஒரு காப்பி இருக்கு, எங்கிட்ட ஒரு காப்பி இருக்கு, கேட்டியா" என்றார். சிரிக்கவில்லை. நானும் சரிக்கா என்று சொல்லி வாங்கிக்கொண்டேன். பிரிண்ட் நாற்பத்திரண்டு வந்தது. இரண்டு படம் மங்கலாக இருந்ததால் அவற்றை மட்டும் மறுபடி போடச் சொல்லி, அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தேன்.